கடைசிப் பெண் திரும்பும் இடம்

உட்காருங்கள் அம்மா. கதவைத் தட்டிப் பயனில்லை. இடைவேளை விடுகிற வரைக்கும் திறக்க மாட்டார்கள். உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் அந்த வாசல் காவலாளியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். அவர்மேல் கோபப்படாதீர்கள், நல்ல மனிதர். எனக்கு இந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டவரே அவர்தான். உங்களுக்கும் ஒன்று கொண்டுவருகிறார், பாருங்கள்.

அண்ணா சாலையில் நெரிசலா? சென்னையிலேயே குடியிருப்பவர் அதையும் கணக்கில் கொண்டல்லவா புறப்பட வேண்டும்? தவறாக நினைக்காதீர்கள். வாழ்நாளெல்லாம் பள்ளியில் பேசிய வாய். ஓய்வு பெற்ற பிறகும் அது ஓய்வு பெறவில்லை. ஹெப்சிபா டீச்சர் என்றால் பாளையங்கோட்டையில் தெரியாதவர் இல்லை. தமிழாசிரியை. நான் புத்தகம் பேசுவதுபோல் பேசுகிறேன் என்று ரயிலில்கூட ஒரு பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். பேச்சென்றால் எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இல்லை, நான் தாமதமாக வரவில்லை. அரங்கத்தைத் திறப்பதற்கு முன்பே வந்துவிட்டேன். எனக்கு நுழைவுச் சீட்டு இல்லை, அவ்வளவுதான். என் மகள் உள்ளே ஆடுகிறாள். கடைசி உருப்படியில். பெர்சிஸ் என்று பெயர் போட்டிருக்கிறார்களே, அவள்தான். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் வந்து நிற்கச் சொன்னாள். தொலைபேசியில் சொன்னாள். "முடிஞ்சப்புறம் வாசலுக்கு வாங்கம்மா. அதுக்கு முன்னாடி உள்ள வர வேண்டாம்." என் முழங்கால் மூன்று மணி நேரம் மடங்கி இருந்தால் வலிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பாள்.

நீங்களும் அந்தக் கடைசி உருப்படிக்காகத்தான் வந்தீர்களா? பார்த்தீர்களா! ஆங்கிலப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். அமெரிக்கர்களின் பாலே என்று பேச்செடுத்தால் இனி அதைச் சொல்லாமல் விட முடியாதாம். எத்தனையோ நாடுகளில் ஆடிவிட்டார்களாம். நம் நாட்டுக்கு இன்றுதான் வருகிறதாம். அம்மா, அது முதன்முதலாக மேடையேறிய அன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் இன்று வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. பத்திரிகைக்காரர்கள் யாராவது வந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை.

சொல்கிறேன். பொழுது போக வேண்டுமே.

பெர்சிஸ் பத்து வயதில் அமெரிக்கா போனாள். அவள் அப்பா மாரடைப்பில் போன மறு வருடம். என் தம்பி ஜெயசிங்கும் அவன் மனைவி லில்லியும் ஓஹையோவில் இருக்கிறார்கள். பிள்ளை இல்லை. நாங்கள் வளர்க்கிறோம் அக்கா, நல்ல படிப்பு படிக்கட்டும் என்றான் தம்பி. கோயிலில் ஆராதனை முடிந்ததும் சில பெண்கள் என் காது படவே பேசினார்கள், பெற்ற பிள்ளை பாரமாகிவிட்டதா என்று. பாரமில்லை. பிள்ளையின் நன்மை வேறு, நம் ஆசை வேறு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

போன இடத்தில் அவள் படிப்பைவிட நடனத்திலேயே மூழ்கிவிட்டாள். பாலே. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள், பாலை விளித்துக் கூப்பிடுவதுபோல் இருக்கும். கால்விரல் நுனியில் நிற்கிற நடனம் என்று லில்லி சொன்னாள். நடுவில் இரண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். அப்புறம் பயிற்சி, பயிற்சி என்று வரவில்லை. பிறகு ஒருநாள் அவளே பேசினாள். புதிதாக ஒரு நடனம் அமைக்கிறார்கள், தனக்கு அதில் ஒரு முக்கியமான இடம், முதல் நிகழ்ச்சிக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று. வந்தே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொன்னாள். விமானச் சீட்டை அவளே எடுத்து அனுப்பினாள். ஆடிச் சம்பாதித்ததில் எடுத்தாளாம்.

போனேன். தம்பி வீட்டில் ஒரு கோடை விடுமுறைக்கு இருந்தேன். வீடு பெரிது. காலையில் மூவரும் புறப்பட்டுப் போய்விடுவார்கள். தெருவில் மனித நடமாட்டம் கிடையாது. கடிதம் போடுகிறவர் மட்டும் வண்டியில் வந்து, வண்டியில் இருந்தபடியே பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு நான் ஜன்னலிலிருந்து வணக்கம் வைப்பேன். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டு மலர் ஒன்று போட்டிருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். தம்பி அதைச் சங்கத்தாரிடம் கொடுத்தானோ இல்லையோ, தெரியாது.

பெர்சிஸ் இரவில்தான் வருவாள். களைத்துப்போய் வருவாள். ஒருநாள் அவள் காலைப் பார்த்துவிட்டேன். விரல்களெல்லாம் தோல் உரிந்து, நகம் கறுத்து, துணி சுற்றிக் கிடந்தன. தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுபோனேன். காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "பரவாயில்லம்மா, பழகிப்போச்சு" என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அப்புறம் லில்லி தன் தலைக்கு அதைத் தேய்த்துக்கொண்டாள்.

பயிற்சியைப் பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், முதல் நிகழ்ச்சியில்தான் பார்க்க வேண்டும் என்றாள். அதுமட்டுமில்லை, முதல் வரிசையில், நட்டநடுவில்தான் நான் உட்கார வேண்டும் என்று பிடிவாதம். அந்த இடம் ஏதோ பெரிய பணக்காரருக்கு ஒதுக்கியிருந்ததாம். நடன ஆசிரியரிடம் சொல்லி எனக்கு வாங்கிவிட்டாள். ஊரில் ஆண்டு விழாவில் நான் உட்கார்ந்த இடம் அதுதானே? அந்த மரியாதையை மறக்காமல் வைத்திருக்கிறாளே என்று எனக்குப் பெருமை.

ஆண்டு விழா என்றேன். அதை உங்களுக்கு விளக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்பாடு நடந்தது புரியாது. பள்ளி ஆண்டு விழாவில் சின்னப் பிள்ளைகள் மேடையில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். மேடைக்குக் கீழே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு டீச்சர் அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் கூட்டத்தைப் பார்ப்பதில்லை. டீச்சரைத்தான் பார்க்கும். எங்கள் பள்ளியில் அந்த டீச்சர் நான். ஆடிக் குதிக்க மாட்டேன். நடுவில் உட்கார்ந்து கையால் மட்டும் காட்டுவேன். கையைத் தூக்கினால் தூக்க வேண்டும், தாழ்த்தினால் உட்கார வேண்டும். விரலைச் சுழற்றினால் திரும்ப வேண்டும். என் கையைப் பார்த்து ஆடிய பிள்ளைகள் ஒருவரும் மேடையில் தடுமாறியதில்லை. பெர்சிஸ் மூன்று வயதிலிருந்து அந்த விரலைப் பார்த்தே வளர்ந்தவள். கோயிலில் வேத வசனம் ஒப்பிக்கும்போதும் என்னைப் பார்ப்பாள். வீட்டுக்கு விருந்தினர் வந்தாலும் என்னைப் பார்த்துவிட்டுத்தான் இன்னொரு முறுக்கை எடுப்பாள்.

நிகழ்ச்சி ஒரு பணக்கார வீட்டுத் தோட்டத்தில். புல்வெளியில் பலகை மேடை போட்டு, பின்னால் ஏரி. அங்கே கோடையில் இரவு உணவு நேரம் வரைக்கும் வெயில் அடிக்கும். மேடை விளக்கே தேவையில்லை. ஆடுகிறவர்களின் இமை தெரியும், அவ்வளவு வெளிச்சம். அவர்களுக்கும் நம் முகம் தெரியும். நான் அரக்கு நிறப் பட்டுப்புடவை, மேலே லில்லியின் கம்பளிச் சட்டை. சுற்றிலும் தொப்பி வைத்த பெண்மணிகள். நடன ஆசிரியர், வெஸ்காட் என்று பெயர், உயரமான வெள்ளைக்காரர், நேரே என்னிடம் வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்களைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டே இதை அமைத்தேன் என்றார். தம்பி மொழிபெயர்த்துச் சொன்னான். எனக்கும் ஆங்கிலம் தெரியும், அவர்கள் உச்சரிப்புத்தான் பிடிபடாது. அந்த நாட்டில் உபசார வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆரம்பித்தது. பதினாறு பெண்கள். கொசுவலை போன்ற மெல்லிய துணியில் உடுப்பு. யார் ராணி, யார் தோழி என்று தம்பியிடம் கேட்டேன். "கதையெல்லாம் இல்லக்கா, சும்மா பாருங்க" என்றான். கதை இல்லாமல் எதைப் பார்ப்பது? ஆனால், அம்மா, உள்ளதைச் சொல்ல வேண்டும். வரிசை என்றால் அதுதான் வரிசை. நூல் பிடித்தாற்போல் நின்றார்கள். ஒரு கை உயர்ந்தால் பதினாறு கையும் உயர்ந்தது. எங்கள் விளையாட்டு விழா அணிவகுப்புக்கு இவர்களை ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்ட முடிந்தால் என்று நினைத்தேன். வயலின்கள் ஒரே சுரத்தில் வெகுநேரம் இழுத்தன. பெர்சிஸ் வரிசையில் கடைசி. நான் அவளை மட்டும் பார்க்கவில்லை, எல்லாரையும் பார்த்தேன். பார்க்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அவளிடம் ஒரு பிழை இல்லை. எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

முடிவு நெருங்கியது. எல்லாப் பெண்களும் நமக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஏரிப் பக்கமாக நடந்து போகிறார்கள். ஒருத்திபின் ஒருத்தியாக. அழகாகப் போகிறார்கள். பதினைந்து பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெர்சிஸ் போகவில்லை. நின்றுவிட்டாள். நின்றவள் இந்தப் பக்கம் திரும்பினாள். நேரே என்னைப் பார்த்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறந்துவிட்டாள். பதினாறு பேரில் என் பிள்ளை ஒருத்தி அடுத்து என்ன என்று தெரியாமல் என்னைப் பார்த்து நிற்கிறாள். அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால். அவள் முகத்தைப் பார்த்தேன். ஒப்பிக்கும்போது வசனம் மறந்துபோனால் அவளுக்கு அந்த முகம்தான் வரும், கண் மட்டும் பெரிதாகி.

கையைத் தூக்கினேன். விரலைச் சுழற்றினேன். திரும்பு, அவர்களோடு போ.

ஒரு நொடி அசையாமல் நின்றாள். பிறகு திரும்பினாள். திரும்பி, அவர்களோடு சேர்ந்து நடந்து போய்விட்டாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பிழை நடந்தது தெரியாதபடி திருத்திவிட்டேன். எவ்வளவு தூரம் போனாலும் பிள்ளைக்கு என் விரல் மறக்கவில்லையே என்று நான் அழுதுகூட விட்டேன். பக்கத்திலிருந்த தொப்பிக்காரப் பெண்மணி எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். வெஸ்காட் மட்டும் மேடை ஓரத்தில் கைதட்டாமல் நின்றுகொண்டிருந்தார். தன் மாணவி தவறியதில் அவருக்கு வெட்கம் இருக்காதா? இருக்கும்.

மேடைக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். போனேன். பெர்சிஸ் தரையில் உட்கார்ந்து செருப்பின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு விழுந்திருந்தது. நான் குனிந்து அவிழ்க்கப் போனேன்.

"ஏம்மா கையக் காட்டுனீங்க?" என்றாள்.

"நீ தவறினாய். காட்டினேன்" என்றேன்.

"நான் தவறலம்மா."

அவ்வளவுதான் பேச்சு. குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை, நல்ல வளர்ப்பு. வண்டியில் வரும்போது நான் முன் இருக்கையில், அவள் பின்னால். வீடு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு.

மறுநாள் காலையில் லில்லிதான் அடுக்களையில் ஆரம்பித்தாள். "மைனி, நீங்க ஏன் அப்படிப் பண்ணுனீங்க? அவ வேணும்னேதான் திரும்புனா. கடைசி வரைக்கும் அப்படியே நின்னு பாக்கணும். அந்த எடந்தான் டான்ஸே" என்றாள். நான் சிரித்தேன். பிழை செய்த பிள்ளைக்கு ஆதரவாகப் பெரியவர்கள் சொல்வதுதானே இது? எத்தனை பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பதினைந்து பேர் ஒரு பக்கம் போகும்போது ஒருத்தி மறுபக்கம் நின்றால் அதற்கு வேறு என்ன பெயர்?

லில்லி விடவில்லை. முதலில் பயிற்சியில் அவள் தெரியாமல்தான் அப்படித் திரும்பினாளாம். வெஸ்காட் ஆட்டத்தை நிறுத்தி, ஏன் திரும்பினாய் என்று கேட்டாராம். அந்த மனிதர் பிழைகளைத் திருத்துவதில்லையாம், ஏன் என்று கேட்பாராம். அப்படியும் ஓர் ஆசிரியர்! பெர்சிஸ் மீனம்பாக்கத்தைப் பற்றிச் சொன்னாளாம்.

மீனம்பாக்கத்தில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. அவள் ஊரைவிட்டுப் போன அன்று விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மாமன் கையைப் பிடித்துக்கொண்டு போனவள் பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு துடித்தது. அழுதுவிட்டால் போக மாட்டாள். நான் விரலைச் சுழற்றினேன். திரும்பினாள். அப்புறம் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேராக நடந்து போனாள். அவ்வளவு சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. அன்று நானும் அழவில்லை. ரயிலில் ஏறும் வரைக்கும் அழவில்லை.

இதில் நடனம் எங்கிருந்து வந்தது? இதை நான் லில்லியிடம் கேட்டேன். அவள் வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரமே தம்பி என் திரும்பும் பயணத்தை முன்கூட்டியே மாற்றிவிட்டான். பள்ளி திறக்கிற நேரம், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் அக்கா என்றான். அப்போது எனக்கு இன்னும் பணி இருந்தது, அதனால் சரியென்றேன். பெர்சிஸ் விமான நிலையத்துக்கு வரவில்லை, பயிற்சி இருந்தது. அதன்பின் அந்த நடனத்தைப் பெரிய நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த இடத்தில் வேறொரு பெண்ணை நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பெண் திரும்பி நின்று கடைசி வரை பார்த்தாளாம். ஜனங்கள் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்களாம். அப்படித்தான் அந்த நடனத்துக்குப் புகழ் வந்தது. பெர்சிஸுக்கு ஏன் அந்த இடம் கொடுக்கவில்லை என்று தம்பியிடம் கேட்டேன். "அவ நின்னாலும் காலு தானாத் திரும்பிருதாம்க்கா" என்றான். பயிற்சி போதவில்லை.

அதிலிருந்து பல ஆண்டுகள். கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். சுகமா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கோயிலுக்குப் போனீர்களா. நான் கேட்பேன், அவள் சொல்வாள். வாக்கியங்கள் எல்லாம் முழுமையாக இருக்கும், ஆனால் ஒன்றோடொன்று சேராது. தொலைபேசியை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவேளை எதையாவது மறந்துவிட்டு மறுபடி கூப்பிடுவாளோ என்று.

போன மாதம் கிறிஸ்துமஸ் இல்லாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை கூப்பிட்டாள். சென்னைக்கு வருகிறோம் என்றாள். அந்த இடத்தை இந்தத் தடவை நான்தான் ஆடுகிறேன் என்றாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அப்புறம்தான் வாசலில் நிற்கச் சொன்னது.

நாளை இரவு ரயிலில் திரும்புகிறேன். இரண்டு படுக்கை பதிவு செய்திருக்கிறேன், கீழ்ப் படுக்கை அவளுக்கு. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. வாசலில் பார்த்ததும் கேட்கலாம் என்று இருக்கிறேன். இரண்டு நாள் வந்து இருந்துவிட்டுப் போகட்டும். வருவாள் என்றுதான் நினைக்கிறேன். ஆடி முடித்துவிட்டு வரும்போது அவள் முகம் எப்படி இருக்கிறதோ, அதைப் பொறுத்து.

கதவைத் திறந்துவிட்டார்கள், பாருங்கள். இடைவேளை. எழுந்திருங்கள், இந்தத் தடவை தவற விடாதீர்கள்.

என்னம்மா இது? உங்கள் சீட்டை ஏன் என்னிடம் நீட்டுகிறீர்கள்? மூன்றாவது வரிசையா? நடுவிலா? நல்ல இடம்தான். ஆடுகிறவர்களின் முகம் தெரியும். அவளுக்கும் என் முகம் தெரியும்.

வேண்டாம். வற்புறுத்தாதீர்கள். முழங்கால் வலிக்காக இல்லை. வாசலில் நிற்கச் சொன்னாள், நிற்கிறேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன சொல் கேட்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு நான் கேட்காமல் இருந்தால் எப்படி? நீங்கள் போங்கள். உங்கள் சீட்டு, உங்கள் இடம்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். கடைசியில் மற்றவர்கள் எல்லாரும் போவார்கள். அவள் இந்தப் பக்கம் திரும்புவாள். சிலருக்குப் பொறுமை இருக்காது, முடிந்துவிட்டது என்று உடனே கைதட்டத் தொடங்குவார்கள். நீங்கள் தட்டாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் தட்டப்போனாலும், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லுங்கள். யாரும் அசைய வேண்டாம், இருமவும் வேண்டாம். அவள் பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும்.